படம் மறந்த பின்னும் ஓடும் சவாரிகள்: தீம் பார்க்குகள் காலத்தை எதிர்கொள்வது எப்படி?

கெவின் காஸ்ட்னர் நடித்த ‘வாட்டர்வேர்ல்டு’ திரைப்படம் 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியானது. ஏறத்தாழ 17.5 கோடி டாலர் செலவில் உருவான அப்படம், அதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே அதிகப் பொருட்செலவு கொண்டதாக இருந்தது. படத்தின் கதையைக் காட்டிலும் அதற்கு ஆன செலவே அப்போது அதிகம் பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள ‘யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட்’ பூங்கா அப்படத்தின் பெயரிலேயே ஒரு நேரடி சாகசக் காட்சியைத் தொடங்கியது.

படம் இன்று பெரும்பாலோரின் நினைவில் இல்லை. சாகசக் காட்சியோ முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நடைபெற்று வருகிறது. பின்னர் யுனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்கள் ஜப்பானின் ஒசாகா, சிங்கப்பூரின் சென்டோசா தீவு, சீனத் தலைநகர் பெய்ஜிங் ஆகிய இடங்களில் அமைந்தபோது, அவை மூன்றிலும் இக்காட்சி இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பிய பலர் இதைப் பார்த்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் மூலப் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

திரைப்படங்களை அடிப்படையாகக் கொண்ட தீம் பார்க்குகள் அனைத்தும் எதிர்கொள்ளும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சவாரியைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல கோடி டாலர் செலவாகிறது. அதன் கட்டடமும் நீர்வழியும் தண்டவாளமும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. படத்தின் புகழுக்கு அப்படியொரு ஆயுள் உத்தரவாதம் கிடையாது. பத்தாண்டுகளில் ஒரு புதிய தலைமுறை சிறுவர்கள் பூங்காவின் வாயிலில் வந்து நிற்கிறார்கள். பெயர்ப்பலகையில் உள்ள படத்தை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அப்போது என்ன செய்வது?

பார்க்காதவருக்கும் புரியும் கதை

‘வாட்டர்வேர்ல்டு’ காட்சி நீடித்ததற்கான காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. துருவப் பனி உருகி உலகம் முழுவதும் நீரில் மூழ்கிவிட்டது. மிதக்கும் குடியிருப்பு ஒன்றில் சிலர் வாழ்கிறார்கள். நிலம் எங்கோ இருக்கிறது என்ற சான்றுடன் ஒரு பெண் திரும்பி வருகிறாள். அதைப் பறிக்கக் கொள்ளைக் கூட்டம் வருகிறது. தனியன் ஒருவன் அவளைக் காக்கிறான். இவ்வளவுதான் கதை. முதல் சில நிமிடங்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது மொழி தெரியாதவருக்கும் விளங்கிவிடும். சிங்கப்பூரிலும் பெய்ஜிங்கிலும் அது எடுபடுவதற்கு இதுவே அடிப்படை.

சுமார் இருபது நிமிடம் நீடிக்கும் காட்சியில் ஜெட் ஸ்கீகள் சீறிப் பாய்கின்றன, உயரமான கோபுரத்திலிருந்து நடிகர்கள் நீரில் விழுகிறார்கள், தீப்பிழம்பு எழுகிறது, இறுதியில் கடல் விமானம் ஒன்று மதில் சுவரைத் தாண்டி வந்து குளத்தில் மோதுகிறது. முன்வரிசை இருக்கைகளில் அமர்பவர்கள் நனைவது உறுதி. காட்சி தொடங்கும் முன்பே நடிகர்கள் வாளியில் நீரை எடுத்துப் பார்வையாளர்கள் மீது வீசி விளையாடுகிறார்கள். இவற்றில் எதற்கும் மூலப் படத்தின் நினைவு தேவைப்படவில்லை. நம் ஊர் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்றதும் கூட்டம் கதைக்குள் நுழைந்துவிடுவதைப் போன்றதே இதுவும். காட்சிக்கு வேண்டியதைக் காட்சியே சொல்லிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டிஸ்னியிடம் உண்டு. புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1989-ஆம் ஆண்டு ‘தி கிரேட் மூவி ரைடு’ என்ற சவாரி திறக்கப்பட்டது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரைப் போலவே அமைக்கப்பட்ட கட்டடத்துக்குள், வண்டியில் அமர்ந்தபடியே பழைய படங்களின் காட்சிகளைக் கடந்து செல்லலாம். ‘காஸபிளாங்கா’ படத்தின் விமான நிலையப் பிரிவு, ‘சிங்கின் இன் தி ரெய்ன்’ படத்தின் மழை, ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் மஞ்சள் செங்கல் பாதை, ‘ஏலியன்’ படத்தின் இருண்ட விண்கலம் என ஒவ்வொன்றும் இயந்திர உருவங்களைக் கொண்டு நுட்பமாக அமைக்கப்பட்டிருந்தன.

அமைப்பில் குறை இல்லை. ஆனால் தொப்பி அணிந்த ஆணும் கண் கலங்கிய பெண்ணும் விமானத்தின் முன் நிற்பதைப் பார்க்கும் பத்து வயதுச் சிறுமிக்கு அதில் என்ன இருக்கிறது? படம் தெரிந்தவருக்கு அது நெஞ்சைத் தொடும் தருணம். தெரியாதவருக்கு இரண்டு பொம்மைகள். 2015-ஆம் ஆண்டு, பழைய படங்களை ஒளிபரப்பும் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சியுடன் இணைந்து புதிய வர்ணனை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியையும் அறிமுகப்படுத்தி விளக்கும் முயற்சி அது. விளக்கவுரை தேவைப்படும் நிலை வந்துவிட்டதே சிக்கலின் அடையாளம் என்று கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அச்சவாரி நிறுத்தப்பட்டது. அதே கட்டடத்தில் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மிக்கி, மின்னி எலிகளைக் கொண்ட புதிய சவாரி திறக்கப்பட்டது.

படத்தைப் பார்க்க முடியாத தலைமுறை

இவ்விவாதத்தில் தவிர்க்க முடியாத சான்று ‘ஸ்ப்ளாஷ் மவுண்டன்’. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1989-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த நீர்ச்சவாரி, மரக்கட்டை வடிவப் படகில் மிதந்து சென்று, இறுதியில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து நீரில் பாய்வது. முயல், நரி, கரடி ஆகியவற்றின் கதை வழியெங்கும் பாடும் பொம்மைகளால் சொல்லப்பட்டது. அக்கதை 1946-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியா மாநிலத் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் அப்படம், கறுப்பின மக்களின் துயரை மறைத்து அக்காலத்தை இனிமையாகச் சித்திரிக்கிறது என்ற கண்டனத்துக்கு வெளியானபோதே உள்ளானது. அமெரிக்கத் திரையரங்குகளில் அது கடைசியாகத் திரையிடப்பட்டது 1986-ஆம் ஆண்டில். அங்கு வீடியோ கேசட்டாகவோ டிவிடியாகவோ அது ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. அதாவது, சவாரி திறக்கப்பட்ட நாளிலேயே மூலப் படம் மக்கள் பார்வையிலிருந்து விலகிவிட்டது. தன் பிள்ளைக்கு அப்படத்தைக் காட்ட வேண்டும் என்று ஓர் அமெரிக்கத் தந்தை விரும்பினாலும் கடையில் வாங்க வழியில்லை.

இருப்பினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சவாரி அப்பூங்காவின் மிக விருப்பமான சவாரிகளுள் ஒன்றாக விளங்கியது. மக்கள் முயலை அறிந்தது சவாரியின் வழியே. பாடலை அறிந்ததும் சவாரியின் வழியே. படத்தின் நினைவு இல்லாமல் ஒரு சவாரி வாழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. படம் மறைந்தாலும் அதன் மீதான கண்டனம் மறையவில்லை. சவாரியை மாற்றியமைக்கப் போவதாக 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிஸ்னி அறிவித்தது. 2009-ஆம் ஆண்டு வெளியான ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்’ படத்தின் நாயகியும், டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியுமான டியானாவின் பெயரில், புளோரிடாவில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதமும் கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு நவம்பரிலும் அது மீண்டும் திறக்கப்பட்டது. மலையும் நீர்வழியும் இறுதிப் பாய்ச்சலும் பழையவையே. பொம்மைகளும் இசையும் கதையும் புதியவை. டோக்கியோ டிஸ்னிலேண்டில் பழைய ‘ஸ்ப்ளாஷ் மவுண்டன்’ அதே பெயரில் இன்றும் இயங்குகிறது.

இடிப்பதா, உடை மாற்றுவதா?

எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தோலை மாற்றும் இம்முறை புதிதல்ல. டிஸ்னிலேண்டில் நிற்கும் ஒரு செயற்கை மரத்தின் வரலாறு இதைச் சுருக்கமாகச் சொல்லும். 1960-இல் வெளியான ‘சுவிஸ் ஃபேமிலி ராபின்சன்’ படத்தையொட்டி 1962-இல் அங்கு மரவீடு ஒன்று அமைக்கப்பட்டது. 1999-இல் அது டார்ஜானின் வீடாக மாறியது. 2023-இல் ‘அட்வென்ச்சர்லேண்ட் ட்ரீஹவுஸ்’ ஆனது. மரம் ஒன்றுதான், குடியிருந்தவர்கள்தான் மாறினார்கள்.

இருக்கையையே அசைத்து, எதிரே உள்ள பெரிய திரையில் பாயும் காட்சியோடு இணைக்கும் ‘சிமுலேட்டர்’ வகைச் சவாரிகளில் இது எளிது. திரையில் ஓடும் படத்தையும் இருக்கையின் அசைவுகளையும் மாற்றினால் சவாரியே மாறிவிடும். புளோரிடா யுனிவர்சலில் ‘பேக் டு த ஃபியூச்சர்’ சவாரி 2007-இல் நிறுத்தப்பட்டு, அதே கட்டடத்தில் 2008-இல் ‘தி சிம்ப்சன்ஸ் ரைடு’ வந்தது. டிஸ்னியின் ‘ஸ்டார் டூர்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1987-இல் தொடங்கிய அச்சவாரி 2011-இல் புதுப்பிக்கப்பட்டபோது, பல காட்சித் துண்டுகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் சேர்ந்து வருமாறு அமைக்கப்பட்டது. முதலில் 54 விதமான பயணங்கள் இருந்தன. புதிய ‘ஸ்டார் வார்ஸ்’ படங்கள் வெளியானபோது அவற்றின் காட்சிகளும் சேர்க்கப்பட்டன. இன்னொரு முறை ஏறினால் இன்னொரு கதை.

திரையை நம்பிய சவாரிகளுக்கு ஒரு குறையும் உண்டு. எளிதில் புதுப்பிக்கப்படுவது எளிதில் பழையதாகவும் தோன்றும். பத்தாண்டுக்கு முந்தைய கணினி வரைகலை இன்று கண்ணை உறுத்துகிறது. நீரிலிருந்து எழும் இயந்திரச் சுறாவோ அப்படித் தோன்றுவதில்லை.

அந்தச் சுறாவையும் காப்பாற்ற முடியவில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ 1975-இல் வெளியானது. 1990-இல் புளோரிடா யுனிவர்சல் திறக்கப்பட்டபோது அதையொட்டிய படகுச் சவாரி இருந்தது. இயந்திரக் கோளாறுகளால் உடனே மூடப்பட்டு, திரும்பக் கட்டப்பட்டு 1993-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2012-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி நிரந்தரமாக நின்றது. அவ்விடத்தில் 2014-ஆம் ஆண்டு ஜூலையில் ஹாரி பாட்டர் கதையின் ‘டயகன் ஆலி’ கடைத்தெரு எழுந்தது. இம்முடிவைச் சுறாவின் தோல்வி என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. ஹாரி பாட்டரின் முதல் பகுதி பக்கத்துப் பூங்காவில் 2010-இல் திறக்கப்பட்டு பெரும் கூட்டத்தை ஈர்த்திருந்தது. இரண்டு பூங்காக்களையும் இணைக்கும் ரயிலில் ஏற இரண்டுக்கும் செல்லத்தக்க சீட்டு வேண்டும். வணிகக் கணக்கில் சுறாவுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒசாகாவில் ‘ஜாஸ்’ படகுகள் இன்னும் ஓடுகின்றன.

அவசரப்பட்டு இடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1996-இல் வெளியான ‘ட்விஸ்டர்’ படத்தையொட்டி, சூறாவளியை அரங்கினுள் எழுப்பிக் காட்டிய காட்சியை யுனிவர்சல் 2015-இல் நிறுத்தியது. 2024-இல் ‘ட்விஸ்டர்ஸ்’ என்ற புதிய படம் வெளியாகி வெற்றி பெற்றது. சூறாவளி அரங்கு இருந்த இடத்தில் அப்போது தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரின் பெயரிலான சவாரி ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் சொல்லி அழைக்கும் வேற்றுக்கிரகவாசி

புளோரிடா யுனிவர்சல் பூங்காவின் தொடக்க நாள் சவாரிகளில் இன்றும் இயங்குவது ‘ஈ.டி. அட்வென்ச்சர்’ மட்டுமே. மூலப் படம் 1982-இல் வெளியானது. வரிசையில் நிற்கும்போதே பார்வையாளர் தம் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறார். இருண்ட காட்டின் வழியே நடந்து, சைக்கிள் வடிவ இருக்கையில் ஏறி நகரத்தின் மேலே பறந்து, ஈ.டி.யின் கிரகத்துக்குச் சென்று திரும்புகையில், அந்த வேற்றுக்கிரகவாசி பார்வையாளரின் பெயரைச் சொல்லி விடைதருகிறது. இயந்திரக் குரல் பல வேளைகளில் பெயரைத் தவறாக உச்சரிக்கும். தமிழ்ப் பெயர்களின் கதி என்னவாகும் என்று ஊகிக்கலாம். ஆனாலும் படத்தையே பார்த்திராத குழந்தைக்கு, தன் பெயரை ஒரு விண்வெளி உயிரினம் சொன்னது என்பது போதும்.

இத்தகைய சவாரிகளைச் சுற்றி இன்னொன்றும் வளர்கிறது. இருபது ஆண்டுகள் ஓடிய பிறகு சவாரியே ஒரு நினைவாகிவிடுகிறது. சிறுவயதில் ஏறியவர் தம் பிள்ளையை அழைத்து வருகிறார். அவர் தேடி வருவது படத்தையன்று, தம் பத்தாவது வயதை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ‘மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடு’ 1998-இல் மூடப்படவிருந்தபோது ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அது 1949-ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து பிறந்த சவாரி. எதிர்ப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படம் வெளியான காலத்தில் பிறந்தவர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லாவற்றையும் தலைகீழாக்கியது ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’. 1967-இல் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்டபோது அச்சவாரிக்குப் படமே இல்லை. 2003-இல் சவாரியிலிருந்து படம் பிறந்தது. 2006-இல் ஜானி டெப் நடித்த ஜாக் ஸ்பாரோவின் உருவம் சவாரிக்குள் வைக்கப்பட்டது. தன்னால் நிற்கக்கூடிய சவாரிக்குப் படம் ஓர் அணிகலன். இல்லாவிட்டாலும் அது ஓடும்.

அண்மைக்கால வடிவமைப்பாளர்கள் இப்பாடத்தைக் கற்றிருப்பதாகவே தெரிகிறது. ‘அவதார்’ படம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் பாகம் வெளியாவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2017-இல் டிஸ்னி ‘பண்டோரா’ பகுதியைத் திறந்தது. மக்கள் மறந்துவிட்ட படத்துக்கு இவ்வளவு பெரிய நிலமா என்று பலர் ஐயுற்றனர். ஆனால் அங்கு படத்தின் நாயகனும் இல்லை, கதையும் இல்லை. மிதக்கும் மலைகளும் இரவில் ஒளிரும் செடிகளும் கொண்ட ஓர் இடம் இருந்தது. பார்வையாளர் அவ்விடத்துக்கு வந்த சுற்றுலாப் பயணி. பறக்கும் சவாரிக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் ஓர்லாண்டோவில் திறக்கப்பட்ட ‘யுனிவர்சல் எபிக் யூனிவர்ஸ்’ பூங்காவில் ஒரு பகுதி முழுவதும் பிராங்கன்ஸ்டைன், டிராகுலா முதலிய பழைய அரக்கர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அப்படங்கள் 1931-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. படங்களை இன்று பார்ப்பவர் சிலரே; அரக்கர்களை அறியாதவர் இல்லை.

இந்திய முயற்சிகள்

இந்தியத் திரைப்படங்களுக்கென்றே அமைந்த மிகப் பெரிய முயற்சி இந்தியாவில் அமையவில்லை. துபாயில் 2016-ஆம் ஆண்டு நவம்பரில் ‘பாலிவுட் பார்க்ஸ்’ திறக்கப்பட்டது. ‘ஷோலே’, ‘லகான்’, ‘டான்’, ‘கிரிஷ்’, ‘ரா.ஒன்’, ‘தபாங்’ ஆகிய படங்களின் பெயரில் சவாரிகளும் காட்சிகளும் அமைக்கப்பட்டன. ‘ஷோலே’ சவாரியில் பார்வையாளர் துப்பாக்கி ஏந்தி கப்பர் சிங்கின் கூட்டத்தை வேட்டையாடலாம்.

இப்பட்டியலைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். 1975-இல் வெளியான ‘ஷோலே’யின் வில்லனை, படம் பார்க்காத வட இந்தியக் குழந்தையும் அறியும். வீட்டிலும் விளம்பரங்களிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் அவன் உலவுகிறான். ‘ரா.ஒன்’ (2011) போன்ற படங்களுக்கு அவ்வகைப் பின்வாழ்வு இல்லை. அவற்றின் ஈர்ப்பு நடிகரின் புகழைச் சார்ந்தது. நட்சத்திரத்தின் புகழும் கதாபாத்திரத்தின் புகழும் ஒன்றல்ல. மேலும், இந்திப் படங்களின் உயிரான பாடலையும் நடனத்தையும் இருக்கையில் கட்டிப்போட்டுச் சுழற்றும் சவாரியாக மாற்றுவது எளிதன்று. பிற்காலத்தில் அப்பூங்கா சுமார் 140 மீட்டர் உயரமுள்ள சுழல் ராட்டினம் ஒன்றைச் சேர்த்தது. பெயரில் பாலிவுட் இருந்தாலும் அதற்குப் படம் எதுவும் இல்லை. 2023-இல் பூங்கா நிரந்தரமாக மூடப்பட்டது. எதிர்பார்த்த அளவு கூட்டம் வராதது, வளைகுடாவின் கோடை, பெருந்தொற்றுக் காலம் எனப் பலவும் சேர்ந்ததால், பழியைப் படத் தேர்வின் மீது மட்டும் போட முடியாது.

உள்நாட்டில், மும்பை - புணே விரைவுச் சாலையை ஒட்டி கோபோலி அருகே 2013-இல் திறக்கப்பட்ட ‘இமேஜிகா’ பூங்கா, 1987-ஆம் ஆண்டுப் படமான ‘மிஸ்டர் இந்தியா’வை வைத்து ஒரு சிமுலேட்டர் சவாரியை அமைத்தது. படம் வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதைத் தேர்ந்தெடுத்தது துணிச்சல் போலத் தோன்றலாம். உண்மையில் அது பாதுகாப்பான தேர்வு. கண்ணுக்குத் தெரியாத நாயகன், உலகை ஆளத் துடிக்கும் மொகாம்போ என்ற இரண்டே விவரங்கள் போதும், சவாரி புரிந்துவிடும்.

ஹைதராபாத் அருகே 1996-இல் தொடங்கப்பட்ட ராமோஜி பிலிம் சிட்டியின் நிலை சற்று வேறு. அங்கு ‘பாகுபலி’ படத்துக்காக எழுப்பப்பட்ட மகிழ்மதி அரங்குகள் படப்பிடிப்பு முடிந்த பின் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அது சவாரியன்று, நடந்து பார்க்கும் இடம். யானைச் சிற்பங்களின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இயந்திரச் செலவு இல்லை. ஆனால் அரங்கு தானாக எதையும் சொல்வதில்லை. கதையைப் பார்வையாளரே நினைவில் கொண்டுவர வேண்டும். ‘தி கிரேட் மூவி ரைடு’க்கு நேர்ந்தது இங்கும் நேருமா என்பது, அடுத்த பத்தாண்டுகளில் அப்படம் எத்தனை வீடுகளில் மீண்டும் பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு பாகங்களையும் ஒன்றிணைத்த ‘பாகுபலி: தி எபிக்’ 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி திரைக்கு வந்தது. முதல் பாகம் வெளியான ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது பத்து வயது.